சான்டோரினியைச் சுவரோடு நிறுத்திக்கொண்ட உணவகத்துக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிக்கு, மேலாளருக்கு, முக்கியமாக உள்ளே அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கு,

வணக்கம். உங்கள் கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தென்சென்னையில் மெடிட்டரேனியன் என்று பலகை மாட்டியிருக்கிற கடைகளில் ஒன்று, அதோடு விடுகிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி நான், மனைவி, அம்மா, மச்சான் என்று நாலு பேர் வந்து சாப்பிட்டு 4,851 ரூபாய் கட்டிவிட்டுப் போனோம். மறுநாள் போனில் நட்சத்திரம் கேட்டு உங்களிடமிருந்து வந்த செய்திக்கு ஐந்தில் மூன்று என்று அழுத்திவிட்டு மறந்திருக்கலாம், ஆனால் மூன்று என்றால் ஏதோ சுமார் என்றுதான் எடுத்துக்கொள்வீர்கள். உங்கள் கடை சுமார் இல்லை. சில தட்டுகள் அபாரமாக வந்தன, சில தட்டுகள் சமையலறையை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாது, இரண்டும் ஒரே மேசைக்கு ஒரே கால் மணி நேரத்துக்குள் வந்தன. இதை நட்சத்திரத்தில் எப்படிச் சொல்வது? அதனால்தான் மடல்.

எனக்கு இந்தச் சாப்பாடு பழகியது ஷார்ஜாவில் வேலை பார்த்த வருஷங்களில். ரோலா பக்கம் ஒரு தெருவுக்குள் போனால் லெபனான்காரர் கடை, சிரியாக்காரர் கடை, எகிப்துக்காரர் கடை என்று வரிசையாக இருக்கும், சம்பள நாளில் கம்பியில் கோத்துச் சுட்ட கோழி, அதாவது ஷிஷ் தாவூக், மாசக் கடைசியில் ஃபலாஃபல் சாண்ட்விச், அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஒன்றும் சமையல் நிபுணர் இல்லை. ஆனால் அந்த ருசி நாக்கில் இருக்கிறது, அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ரொட்டி. அதை யார் சுடுகிறாரோ அவருக்கு என் வணக்கம். உப்பிய பந்தாக மேசைக்கு வந்தது, மச்சான் விரலால் குத்தியதும் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது, இரண்டு ஏடும் தனித்தனியாகப் பிரிந்து, ஓரத்தில் அங்கங்கே கருகி, உள்பக்கம் ஈரமாக. அடுப்பு நல்ல சூட்டில் இல்லாவிட்டால், மாவு புளித்த பதம் சரியில்லாவிட்டால் இது நடக்காது. சென்னையில் பீட்டா என்று சொல்லி பாக்கெட்டில் வந்த அட்டையைத் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுக்கிற கடைகளே அதிகம். நீங்கள் மாவு பிசைந்து சுடுகிறீர்கள். இதை மெனுவில் ஒரு மூலையில்கூடச் சொல்லவில்லை, கொண்டைக்கடலையை அரைத்துச் செய்கிற ஹம்முஸுக்குக் கீழே பொடி எழுத்தில் 'ரொட்டியுடன்' என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பாருங்கள், அந்த ரொட்டி வந்து பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் ஹம்முஸ் வந்தது. அதற்குள் பாதியை வெறுமனே பிய்த்துத் தின்றுவிட்டோம், மீதி ஆறி விறைத்துவிட்டது. அப்புறம் ரொட்டி மறுபடி கேட்டால் ஒன்று 95 ரூபாய். கேட்டோம், இரண்டு வாங்கினோம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. 95 ரூபாய் எனக்கு உறுத்தவில்லை. 390 ரூபாய் ஹம்முஸுக்கு ஒரே ஒரு கூடை ரொட்டி போதும் என்று யார் கணக்குப் போட்டார்கள் என்பதுதான் உறுத்தியது.

கறியும் அந்த ரொட்டி மாதிரியே அபாரம், மனசாரச் சொல்கிறேன். 1,450 ரூபாய் கிரில் தட்டில் தாவூக்கும், கொத்துக்கறியைப் பிசைந்து சுட்ட கஃப்தாவும் இருந்தன. கோழி தயிரிலும் பூண்டிலும் எலுமிச்சையிலும் போதுமான நேரம் ஊறியிருந்தது, நிஜக் கரியில் வெந்திருந்தது, நெஞ்சுக்கறியாக இருந்தும் வறண்டு போகவில்லை. கஃப்தாவில் வெங்காயமும் பார்ஸ்லியும் கையால் நறுக்கிப் பிசைந்தது தெரிந்தது, மசாலா கறியை அமுக்கவில்லை. நம் ஊரில் இந்த இடத்தில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள், மிளகாய்த்தூள் போடாமல் கறியை வெளியே அனுப்பப் பயம். உங்கள் ஆள் பயப்படவில்லை. பரிமாறிய தம்பியிடம் கேட்டேன், சமையல்காரர் குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்று சொன்னார். கேட்காமலே தெரிந்திருக்கும்.

அப்படிப்பட்ட கோழிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மயோனைஸை வைத்து அனுப்புகிறீர்களே, இது என்ன நியாயம்? தூம் இல்லையா என்று கேட்டேன். கார்லிக் மயோ இருக்கிறது, எக்லெஸ்தான் சார் என்றார் தம்பி. இனிப்பாக, பூண்டுத்தூள் வாசத்தோடு, பாக்கெட்டில் வாங்கியது. லெபனான்காரர் தாவூக்குக்குத் தொட்டுக்கொள்வது தூம். பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், இந்த நாலுதான். பூண்டை உப்போடு மைய அரைத்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் அதுவாகவே வெள்ளையாக நுரைத்துக் கெட்டியாகும், முட்டைக்கு அதில் வேலையே இல்லை. பச்சை முட்டை போட்ட மயோனைஸை ஒரு வருஷத்துக்குத் தடை செய்து 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டதும் ஊரில் உள்ள ஷவர்மா கடைகளெல்லாம் எக்லெஸ் பாக்கெட்டுக்கு ஓடின, அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, சரி. உங்களுக்குத் தெரியும். அடுப்படியில் குவைத் கண்டவர் இருக்கிறார், மிக்ஸி இருக்கிறது, புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதே மாநிலத்தில் விளைகிறது. தூம் செய்து வைத்தால் சைவக்காரரும் தொட்டுக்கொள்ளலாம், முட்டை சாப்பிடாதவரும் தொட்டுக்கொள்ளலாம், உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தாலும் பயமில்லை.

ஹம்முஸுக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து வந்தது. கிண்ணம் தொட்டால் சில்லென்று இருந்தது, மேலே லேசாக ஏடு கட்டியிருந்தது, அதை மறைக்கக் கொஞ்சம் எண்ணெயும் மிளகாய்த்தூளும். கடலை சரியாக வேகாததால் நறநறப்பு, எள்ளை அரைத்த தஹினி பேருக்குத்தான். இந்தப் பண்டத்துக்காக நாடுகளே முட்டிக்கொண்டிருக்கின்றன, 2010 ஜனவரியில் இஸ்ரேலில் அபு கோஷ் என்ற ஊர்க்காரர்கள் நாலு டன்னுக்கு மேல் செய்து கின்னஸில் ஏற்றினார்கள், விடுவார்களா, அதே வருஷம் மே மாதம் லெபனான் சமையல்காரர்கள் கூடி 10,452 கிலோ செய்தார்கள், லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்தக் கணக்கு. அவ்வளவு ரோஷத்தோடு செய்கிற பொருள். வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரி சோடா உப்பு போட்டு ஊறவைத்து, விரலால் அழுத்தினால் கூழாகிற அளவுக்கு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அரைத்து, தஹினியைத் தாராளமாக விட்டால் பாதி வேலை முடிந்தது. தஹினி இறக்குமதி, விலை ஜாஸ்தி என்று சொல்வீர்கள். எள்ளை இறக்குமதி செய்யும் ஊரா இது? திண்டிவனத்தில் எண்ணெய்வித்துக்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற மாநிலம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் லேசாக வறுத்துக் கல்லில் அரைத்தால் தஹினி. ஒரு சின்ன வெட் கிரைண்டர் ஒதுக்கினால் வாரம் பூராவுக்கும் போதும்.

இப்போது அம்மா விஷயம். அம்மா சுத்த சைவம். ஃபலாஃபல் என்றால் என்ன என்று கேட்டார், கொண்டைக்கடலையை வேகவைக்காமல் ஊறவைத்து, நம் ஆமைவடைக்கு அரைக்கிற மாதிரி கொரகொரப்பாக அரைத்து, கொத்தமல்லியும் பார்ஸ்லியும் போட்டுப் பொரிப்பது என்று சொன்னேன், சரி வரச்சொல் என்றார். ஆர்டர் எடுக்கும்போது தம்பியிடம் அவரே கேட்டார், "தம்பி, இதைப் பொரிக்கிற எண்ணெயில வேற எதுவும் பொரிப்பீங்களா?" தம்பி ஒரு நொடி மேலாளர் இருந்த பக்கம் பார்த்தார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆமாம்மா, கோழியும் அதே எண்ணெய்லதான் போடுவாங்க. கொஞ்சம் இருங்க, உள்ள கேட்டுட்டு வர்றேன்" என்றார். உள்ளே போய்க் கேட்டு, தனியாக ஒரு சின்ன வாணலியில் புது எண்ணெய் வைத்துப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். ஓரம் மொறுமொறுவென்று, பிட்டால் உள்ளே பச்சைப்பசேலென்று, பிரமாதமாக இருந்தது. அம்மா மூன்று சாப்பிட்டார்.

அந்தத் தம்பியும் உள்ளே இருந்தவரும் சேர்ந்து செய்த இந்த ஒரு காரியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இது அவர்களுடைய நல்ல மனசால் நடந்தது, கடையின் ஏற்பாட்டால் நடக்கவில்லை. உங்கள் மெனுவில் ஃபலாஃபலுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சாப்பிட்டுப் போகிற சைவக்காரர்கள் தினமும் எத்தனை பேர்? கேட்டால் உண்மை, கேட்காவிட்டால் பச்சைப் புள்ளி என்பது சரியில்லை. சமையலறையில் இன்னொரு வாணலி வைக்க எத்தனை அடி இடம் வேண்டும்?

அம்மா மூன்று ஃபலாஃபலுக்கு அப்புறம் ரொட்டியையும் அந்தச் சில்லிட்ட ஹம்முஸையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெனுவில் அவருக்கு வேறென்ன இருந்தது தெரியுமா? பனீர் ஷஷ்லிக், பனீர் ஷவர்மா, மஷ்ரூம் பாஸ்தா, பனீர் பீட்சா. நான் மெனுவை இரண்டு முறை புரட்டினேன். அந்த மத்தியதரைக் கடலைச் சுற்றியிருக்கிற ஊர்களில் சைவச் சாப்பாட்டுக்கா பஞ்சம்? கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருஷத்தில் பாதி நாள் வரைக்கும்கூட விரதம் இருக்கிறவர்கள், அந்த நாட்களில் கறி, பால், முட்டை எதுவும் கிடையாது, அதற்கென்றே ஒரு தனிச் சமையல் வளர்ந்திருக்கிறது. பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியோடு அடுப்பில் வைத்துச் சுடுகிற யீகாந்தெஸ், பீன்ஸ் போட்ட ஃபாசொலாதா சூப். லெபனானில் பச்சை பீன்ஸைத் தக்காளியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டு வதக்கி ஆறவைத்துச் சாப்பிடுவார்கள், லூபியே பி ஸைத். மைசூர்ப் பருப்பில் எலுமிச்சை பிழிந்த சூப் இல்லாத அரபு வீடு இல்லை. பருப்பும் அரிசியும் வேகவைத்து மேலே வெங்காயத்தைக் கருகக் கருக வறுத்துப் போடுகிற முஜத்தரா. எகிப்தில் தெருத்தெருவாக விற்கிற கோஷரி, அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே காரமும் புளிப்புமாகத் தக்காளிச் சாறு. காலையில் ஃபூல் என்கிற பயறு மசியல் சாப்பிடாமல் கெய்ரோ எழுந்திருக்காது.

இதில் ஒன்றுகூட உங்களிடம் இல்லை. பருப்பும் அரிசியும் கத்திரிக்காயும் தின்று வளர்ந்த ஊரில் கடை வைத்துக்கொண்டு, பருப்பும் அரிசியும் கத்திரிக்காயும் நிறைந்த ஒரு சமையலிலிருந்து அதையெல்லாம் கழித்துவிட்டுப் பனீரைச் சேர்த்திருக்கிறீர்கள். சுவர் பூராவும் கிரேக்கத்துச் சான்டோரினித் தீவை வரைந்து வைத்திருக்கிறீர்களே, வெள்ளைச் சுவர், நீலக் கூரை, நாங்கள் உட்கார்ந்த மேசைக்கு மேலேயே ஒரு மாதா கோயில். அந்தத் தீவுக்காரர்களின் பெருமையே ஃபாவா என்கிற பருப்பு. எரிமலை மண்ணில் விளைகிற ஒரு மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே பச்சை வெங்காயமும் கேப்பர் மொட்டு ஊறுகாயும் ஆலிவ் எண்ணெயும் போட்டுக் கொடுப்பார்கள். அதே பருப்பு இங்கே கிடைக்காது, வேண்டாம், மஞ்சள் பட்டாணிப் பருப்பில் செய்யலாம், கிரேக்கத்திலேயே பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். கிலோ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அம்மா அதை ஒரு கிண்ணம் காலி செய்திருப்பார்.

மெனுவின் பின்பக்கத்தில் மெடிட்டரேனியன் டயட்டைப் பற்றி ஒரு பத்தி வேறு, உடம்புக்கு நல்லது, யுனெஸ்கோ அங்கீகாரம் என்று. உண்மைதான், 2010-இல் ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, மொராக்கோ நாலும் சேர்ந்து அந்தப் பட்டியலில் இடம் பிடித்தன, 2013-இல் சைப்ரஸ், குரோஷியா, போர்ச்சுகல் சேர்ந்தன. (போர்ச்சுகலுக்கு அந்தக் கடலில் ஒரு முழம் கரைகூடக் கிடையாது, அது வேறு கதை.) ஆனால் அன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1950-களின் கடைசியில் ஏழு நாடுகளில் ஆரம்பித்த ஆய்வில் கிரீட் தீவு விவசாயிகளின் தட்டில் என்ன இருந்தது? ரொட்டி, பருப்பு, கீரை, பழம், ஆலிவ் எண்ணெய். கறி எப்போதாவது. உங்கள் மெனுவில் அந்தப் பத்திக்கு அடுத்த பக்கமே 'லோடட் சீஸ் ஃப்ரைஸ்'. பத்தியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃப்ரைஸை எடுத்துவிடுங்கள்.

தபூலே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தபூலே என்பது பார்ஸ்லி சாலட், கோதுமை அதில் அங்கங்கே தட்டுப்பட்டால் போதும். உங்களுடையது முழுக்கக் கோதுமை ரவை, அங்கங்கே கொத்தமல்லி. பார்ஸ்லி விலை எனக்குத் தெரியும், அப்படியென்றால் அதை மெனுவில் வைக்காதீர்கள். அதன் மேல் ஃபெட்டா என்று சொல்லி சில வெள்ளைக் கட்டிகள், உப்பும் இல்லை புளிப்பும் இல்லை, வாயில் போட்டால் பனீர். தபூலேயில் சீஸ் போடுகிற வழக்கமே கிடையாது என்பது ஒரு பக்கம். ஃபெட்டா என்ற பேருக்கு ஐரோப்பாவில் 2002-இலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, கிரேக்கத்தில், செம்மறியாட்டுப் பாலில் செய்திருக்க வேண்டும், வெள்ளாட்டுப் பால் அதிகபட்சம் முப்பது சதவீதம் சேரலாம், பசும்பால் கூடாது. டென்மார்க்காரர்கள் வேறு நாடுகளுக்கு அனுப்புகிற தங்கள் சீஸை அந்தப் பேரில் விட்டதற்கே 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றார்கள். இந்தச் சட்டம் சென்னைக்கு வராது. ஆனால் மலைப்பூண்டு என்று சொல்லி வேறு பூண்டு விற்றால் கொடைக்கானல்காரருக்கு எப்படி இருக்கும்? பனீர் போட்டால் பனீர் என்றே எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கிரேக்கர்களின் கத்திரிக்காய்ப் பண்டமான மூசாகா 620 ரூபாய். ஓரம் நாக்கைச் சுட்டது, நடு ஐஸாக இருந்தது. மைக்ரோவேவ் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்திரிக்காய் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்று, மேலே சோள மாவில் காய்ச்சிய வெள்ளைச் சாஸ். திருப்பி அனுப்பினோம். மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார், மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்தார்கள், நடுவும் சூடாகிவிட்டது, ஓரம் தோலாகிவிட்டது. பில்லில் அது அப்படியே இருந்தது. கேட்டு எடுக்க வைத்திருக்கலாம், அம்மாவுக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று மனைவி கண்ணைக் காட்டினாள். நாளுக்கு எத்தனை மூசாகா போகும் உங்கள் கடையில்? இரண்டா, மூன்றா? அதற்காகத் தட்டு தட்டாகச் செய்து அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் மைக்ரோவேவ். இதில் சமையல்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, மெனு போட்டவர்தான் பொறுப்பு. கிரீஸ், லெபனான், துருக்கி, மொராக்கோ, இத்தாலி, கூடவே கொஞ்சம் மெக்சிகோ (நாச்சோஸ் அங்கே என்ன செய்கிறது?), எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு மேல் பண்டம். இரண்டு மூன்று பேர் நிற்கிற அடுப்படியில் நூறு பண்டத்தையும் புதுசாகச் செய்ய யாராலும் முடியாது.

பாட்டுச் சத்தம் ஜாஸ்தி, அம்மாவிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மச்சான் குடித்த புதினா எலுமிச்சைச் சாறு நன்றாக இருந்ததாம். பக்லாவா இனிப்பு பரவாயில்லை, ஆனால் அதையும் சில்லென்று கொடுத்தீர்கள், உங்கள் ஃப்ரிட்ஜுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

அடுத்தது பில். தண்ணீரில் ஆரம்பிக்கிறேன். சாதாரணத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை சார், பாட்டில்தான் என்று பதில். பாட்டில் 120 ரூபாய், இரண்டு. கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. குடிக்கிற தண்ணீரே பாட்டிலில் மட்டும்தான் என்று சொல்வதில்தான் சண்டை. அடுப்படியில் ஹம்முஸுக்குக் கடலை ஊறவைப்பதும் பாட்டில் தண்ணீரிலா?

அப்புறம் சர்வீஸ் சார்ஜ். நாங்கள் சாப்பிட்டது 4,200. அதற்குப் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 420. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி., 231. மொத்தம் 4,851. சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் 4,410. அதாவது நான் சம்மதிக்காத ஒரு தொகையையும் அதற்கு வரியையும் நானே கட்டினேன், சேர்த்து 441 ரூபாய். எடுக்கச் சொல்லிக் கேட்டபோது மேலாளர், "இது கம்பெனி பாலிசி சார், எல்லா இடத்திலும் இருக்கு" என்றார். எல்லா இடத்திலும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் போட்டது, சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, அது வாடிக்கையாளர் விருப்பம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும், உணவு பில்லோடு சேர்த்து அதற்கு ஜி.எஸ்.டி. போடக் கூடாது என்று. உணவக சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து வழிகாட்டுதல் செல்லும் என்றது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தெரியும், அது அவர்கள் உரிமை. மேலாளரிடம் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தேன், "சிஸ்டத்துல எடுக்க முடியாது சார்" என்று பதில் மாறியது. பாலிசியா, சிஸ்டமா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் 441 ரூபாய் மேல் இல்லை. வாசலுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு அம்மா தன் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கத் தயங்கினார். சர்வீஸ் சார்ஜில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன், சிரித்தார், பதில் சொல்லவில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. முதலாளியே, அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். அம்மாவுக்காக உள்ளே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்த ஆளுக்கு அந்த 420 ரூபாயில் எவ்வளவு போகிறது? முழுசாக அவருக்கும் அவரோடு வேலை பார்க்கிறவர்களுக்கும் போகிறது என்றால் பில்லில் அதை எழுதுங்கள், விருப்பப்பட்டவர்கள் கொடுக்கட்டும் என்றும் எழுதுங்கள், நான் சந்தோஷமாகக் கொடுப்பேன், என்னைப் போலக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். போகவில்லை என்றால் விலையை ஏற்றிக்கொள்ளுங்கள், 390-ஐ 430 ஆக்குங்கள், வாசலிலேயே தெரிந்துகொண்டு உள்ளே வருவோம்.

என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், மெனுவை உங்கள் சமையல்காரர் கையில் கொடுங்கள். நீங்களும் மேலாளரும் ஒரு மத்தியானம் அவரோடு உட்கார்ந்து, "இதில் எதையெல்லாம் நீ வெட்கப்படாமல் வெளியே அனுப்புவாய்?" என்று கேளுங்கள். நாச்சோஸ் முதலில் போகும், மூசாகா போகும், பாஸ்தா அநேகமாகப் போகும், ஒரு இருபது இருபத்தைந்து நிற்கும் என்று நினைக்கிறேன். அந்த மிச்ச இடத்தில் முஜத்தராவும் பருப்பு சூப்பும் பீன்ஸும் வரட்டும், குவைத்தில் இருந்தவருக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்கள் கேட்காததால் செய்யாமல் இருக்கிறார், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரொட்டியை மெனுவின் முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். ஹம்முஸ் தயாரான பிறகு ரொட்டியை அடுப்பில் போடச் சொல்லுங்கள், அதற்குப் பணம் காசு எதுவும் ஆகாது. கூட்டம் வராது, நம் ஊர் ஜனங்கள் சீஸ் ஃப்ரைஸ்தான் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கிறார்கள்தான். பருப்பும் சோறும் மேலே வறுத்த வெங்காயமும் 220 ரூபாய் என்று இந்த ஊரில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

நான் மறுபடி வருவேன். அந்த ரொட்டிக்காகவும் தாவூக்குக்காகவும் கண்டிப்பாக வருவேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. மேசை சொல்லிவைக்கப் போன் பண்ணும்போது இரண்டே கேள்விதான் கேட்பேன், சைவத்துக்குத் தனி வாணலி வைத்துவிட்டீர்களா, பில்லிலிருந்து அந்தச் சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டீர்களா என்று. இரண்டுக்கும் ஆமாம் என்றால் நாலு பேருக்கு, ஏழரை மணிக்கு, ஸ்பீக்கருக்குத் தள்ளி ஒரு மேசை போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்